ஆபீஸில் லைன் இல்லையா? பக்கத்தில் இருந்து தொடங்குங்கள்

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் சின்ன ஆபீஸ் என்றால் அங்கே தனியாக ஐடி ஆள் இருக்க மாட்டார். தோட்ட ஆபீஸோ, கடைவீட்டு மாடியில் கணக்கு எழுதும் ஆபீஸோ, கிளினிக்கோ, லைன் (இணையமோ ஆபீஸ் நெட்வொர்க்கோ) போனால் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளையைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "தம்பி, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, கொஞ்சம் பாரேன்" என்பார் தலைமை எழுத்தரான பெரிய கிராணி. ஈப்போவிலிருந்து ஆள் வர மத்தியானம் ஆகும், சில நேரம் மறுநாள் ஆகும். அன்றைக்கு 15ஆம் தேதியாக இருந்தால் இன்னும் பதற்றம். சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி மூன்றையும் கட்ட அதுதான் கடைசி நாள்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன். பல வருடமாக இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை மேசைக்கு அடியிலேயே தீர்ந்துவிட்டன. ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் போதும். நமக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் பார்க்க வேண்டும், அங்கிருந்து ஒவ்வோர் அடியாக வெளியே போக வேண்டும். கணினி, வயர், லைனை மேசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி, ஆபீஸை வெளி லைனோடு சேர்க்கும் ரவுட்டர், வெளி லைன் வந்து சேரும் மோடம், அப்புறம்தான் தெருவில் இருக்கும் லைன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டு லைன் வந்தால், எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலில் இருந்து தேட வேண்டியிருக்கும்.

முதலில் கேளுங்கள், அப்புறம் தொடுங்கள்

"லைன் இல்லை" என்று ஒருவர் சொன்னால் அதற்கு நாலு அர்த்தம் இருக்கலாம். இணையம் வரவில்லை, பிரிண்டர் அச்சிடவில்லை, பொதுவில் வைத்திருக்கும் கோப்புகள் திறக்கவில்லை, ஏதோ ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை. எது என்று கேளுங்கள். அடுத்து, அவருக்கு மட்டும்தானா, எல்லாருக்குமா? இந்த ஒரு கேள்வியே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு அவர் கணினியிலோ வயரிலோ இருக்கும். ஒரு வரிசை மேசைகளுக்கு மட்டும் என்றால் அந்த வரிசைக்குப் போகும் சுவிட்ச் பெட்டியைப் பாருங்கள். எல்லாருக்கும் என்றால் நேராக ரவுட்டருக்குப் போகலாம். ஒரே ஒரு தளம் என்றால் கோளாறு அந்தத் தளத்திலேயே இருக்கலாம், உங்கள் வயரைப் பிடுங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை.

"என் போனில் வருகிறதே" என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்தப் போன் ஆபீஸ் வைஃபையில் இருப்பதாகக் காட்டினாலும், பல போன்கள் வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் சொந்த டேட்டாவுக்கு மாறிவிடும். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

கடைசியாக ஒன்று: நேற்று இருந்ததற்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது? மேசையை நகர்த்தினார்களா, புதுப் பெட்டி ஏதாவது வந்ததா, ராத்திரி இடி இடித்ததா, கரண்ட் போய் வந்ததா? கேட்கும்போது குற்றம் பிடிப்பது போல் கேட்காதீர்கள். கூட்டித் துடைக்கும் அக்கா துடைப்பத்தில் வயர் இடறியதைப் பயந்துகொண்டு சொல்லாமல் விட்டால், நீங்கள் இரண்டு மணி நேரம் தேட வேண்டிவரும்.

கண்ணால் பார்ப்பது

கணினிக்குப் பின்னால் நெட்வொர்க் வயர் செருகும் ஓட்டையில் சின்ன விளக்கு இருக்கும். பச்சையோ மஞ்சளோ எரிந்தால், மறுமுனையில் இருக்கும் பெட்டியோடு கணினி பேசுகிறது. விளக்கே இல்லை என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், வயரைப் பாருங்கள். 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை இரண்டு முனைகளையும் அழுத்திச் செருகுங்கள். அந்த பிளக்கின் பிளாஸ்டிக் கொண்டி உடைந்திருந்தால் வயர் தானாக வழுகி வெளியே வரும். நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிய இடம் இருக்கிறதா? எலி கடித்த தடம் இருக்கிறதா? செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஆபீஸ்களில் எலி ஒரு நிரந்தரத் தொல்லை. கூரைக்கு மேலே போகும் வயரை ஒரு இடத்தில் கடித்தாலும் போதும். எட்டுக் கம்பிகளில் நாலு மட்டும் நன்றாக இருந்தால் விளக்கு எரியும், இணையமும் வரும், ஆனால் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறையலாம். அதனால் "வருகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக" என்ற புகாருக்கும் வயரே காரணமாக இருக்கலாம்.

சோதிக்கச் சுலபமான வழி: நன்றாக வேலை செய்யும் பக்கத்து மேசை வயரை எடுத்து இந்தக் கணினியில் செருகுங்கள். லைன் வந்தால் கணினி நன்றாக இருக்கிறது, வயரிலோ சுவிட்ச் பெட்டியின் ஓட்டையிலோதான் குறை. வராவிட்டால் கணினியில் குறை. நல்ல வயர் ஒன்றை எப்போதும் மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். ஒரு வயரின் நீளம் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

முனையை நீங்களே அடிப்பதாக இருந்தால், கொண்டி கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

அணைத்துப் போடுவதற்கும் முறை உண்டு

எல்லாருக்கும் லைன் இல்லை என்றால், முதலில் மோடம், ரவுட்டர் விளக்குகளைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அணைத்துப் போட்ட பிறகு அந்தத் தடயம் போய்விடும். அப்புறம் எல்லாப் பெட்டிகளையும் அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, வெளியே இருந்து உள்ளே வருகிற வரிசையில் போடுங்கள். மோடம் முதலில், அது நிதானமாக எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம். அடுத்து ரவுட்டர், அடுத்து சுவிட்ச் பெட்டி, கடைசியில் கணினி.

கணினியைப் பொறுத்தவரை 'ஷட் டவுன்' செய்துவிட்டுத் திரும்பப் போடுவது போதாது. விண்டோஸில் வேகமாக எழும்புவதற்கான ஏற்பாடு ஒன்று உண்டு. ஷட் டவுன் செய்தாலும் உள்ளே இருந்ததில் ஒரு பகுதியை அது அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு, போடும்போது எடுத்துக்கொள்ளும். சுத்தமாகத் தொடங்க வேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்.

ரவுட்டருக்குப் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதைத் தயவுசெய்து குத்தாதீர்கள். அதை அழுத்திப் பிடித்தால் வைஃபை பெயர், கடவுச்சொல், லைனுக்கான பயனர் பெயர் எல்லாம் அழிந்து, பெட்டி கடையில் வாங்கிய நாளுக்குத் திரும்பிவிடும். அந்தப் பயனர் பெயர் எழுதிய தாள் யாரிடமும் இருக்காது. சின்னக் கோளாறை நாள் முழுக்க நீட்டித்த ஆபீஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

கறுப்பு ஜன்னல்

வயர் நன்றாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனாலும் லைன் இல்லை. இப்போதுதான் புதியவர்கள் தயங்கி நிற்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் 'சிஎம்டி' (cmd) என்று ஆங்கில எழுத்தில் தட்டி எண்டர் அழுத்துங்கள். ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று இடைவெளி இல்லாமல் தட்டி எண்டர் அழுத்துங்கள். வரும் வரிகளில் நமக்கு வேண்டியவை இரண்டு: 'ஐபிவி4 அட்ரஸ்', 'டிஃபால்ட் கேட்வே'.

தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் உண்டு. வெளியே போக வேண்டுமானால் எல்லாரும் தோட்டத்தின் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐபி எண் வீட்டு எண். கேட்வே அந்தக் கேட். பெரும்பாலான சின்ன ஆபீஸ்களில் அது ரவுட்டர்தான், அதன் எண் பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. யாருக்கு எந்த வீடு என்று எண் கொடுக்கிற கிராணி வேலையையும் அதே ரவுட்டர்தான் பார்க்கிறது. அந்த வேலைக்குப் பெயர் டிஎச்சிபி.

இப்போது திரையைப் படியுங்கள்.

எண் 169.254 என்று தொடங்கினால், கணினி எண் கேட்டிருக்கிறது, கிராணி பதில் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் கணினி தானாக ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. ரவுட்டர் வரை வழி இருக்கிறதா என்று பாருங்கள். வழி சரி என்றால் 'ஐபிகான்ஃபிக்' தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு 'ரிலீஸ்' (/release) என்று தட்டுங்கள். முடிந்ததும் அதே போல் 'ரினியூ' (/renew). பழைய எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிது கேட்பது இது. வைஃபையில் விருந்தாளிகளின் போன்கள் நிறைய ஏறிவிட்டதால் கொடுக்க எண்ணே மிச்சமில்லாமல் போவதும் உண்டு.

'மீடியா டிஸ்கனெக்டட்' என்று வந்தால் மேலே சொன்ன வயர் வேலைக்கே திரும்பிப் போங்கள்.

எண் பார்க்க ஒழுங்காக இருந்து, பக்கத்து மேசைக்காரர் எண்ணோடு பொருந்தாமல் இருந்தால் அங்கேதான் கவனம் வேண்டும். ஒரு கணக்கு ஆபீஸில் இது எனக்கு இரண்டு நாள் வேலை வைத்தது. காலையில் ஒரு கணினிக்குப் பிரிண்டர் கிடைக்கவில்லை. மத்தியானம் இன்னொன்றுக்கு இணையம் போனது. ராத்திரி அணைக்காமல் விட்ட கணினிகள் மட்டும் நன்றாக ஓடின. நான் கணினி கணினியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லார் எண்ணையும் ஒரு தாளில் எழுதியபோதுதான் தெரிந்தது. நல்லவை எல்லாம் 192.168.1 என்று தொடங்கின. கெட்டவை எல்லாம் 192.168.0. உள் அறையில் வைஃபை எட்டவில்லை என்று ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருந்தார். ஒரு லயத்தில் இரண்டு கிராணிகள் உட்கார்ந்து எண் கொடுத்தால் என்ன ஆகும்? ரவுட்டர் கொடுக்கும் எண்ணுக்கு ஒரு தவணை உண்டு. அது முடிந்து புதிது கேட்கப் போன கணினிகள், முந்திக்கொண்டு பதில் சொன்ன கிராணியிடம் வாங்கிக்கொண்டன. அதனால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் விழாமல் ஒன்றொன்றாக விழுந்தன. அந்த ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, அதற்குத் தனியாக ஓர் எண் கொடுத்ததும் வைஃபையும் எட்டியது, மற்றதும் சரியானது. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் 'அக்சஸ் பாயிண்ட்' என்று, எண் கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஒரு நிலை உண்டு, அதில் வைத்தாலே போதும்.

அதே போல் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால், ஒன்று வந்து ஒன்று போகும். பெரும்பாலும் பிரிண்டருக்குக் கையால் போட்ட எண்ணும் ரவுட்டர் கொடுத்த எண்ணும் மோதும்.

பிங்: எதுவரை போகிறது?

பிங் என்பது எதிர்முனை பதில் சொல்கிறதா என்று கூப்பிட்டுப் பார்ப்பது. அதே ஜன்னலில் 'பிங்' (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு, கேட்வே எண்ணைத் தட்டுங்கள். 'ரிப்ளை' என்று நாலு வரி வந்தால் ரவுட்டர் வரை நன்றாக இருக்கிறது. வயரில் இருந்தால் நேரம் ஒரு மில்லிவினாடி அளவில் இருக்கும். அது ஒன்றுக்கும் இருநூறுக்கும் இடையில் தாவினால் வைஃபையோ வயரோ தள்ளாடுகிறது. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றே வந்தால் கோளாறு ஆபீஸுக்கு உள்ளே. லைன் கம்பெனியைக் கூப்பிட வேண்டாம்.

ரவுட்டர் பதில் சொன்னால் அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் கொடுங்கள். அது கூகிளின் பொதுச் சேவை. பதில் வரவில்லை என்றால் மோடமிலோ வெளி லைனிலோ குறை. பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையா? அப்படியானால் லைன் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ்ஸில்தான் சிக்கல். 'ஐபிகான்ஃபிக்' போட்டு, இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு 'ஃப்ளஷ்டிஎன்எஸ்' (/flushdns) என்று தட்டினால் கணினி மனத்தில் வைத்திருக்கும் பழைய பெயர்ப் பட்டியல் அழியும். அதிலும் சரியாகாவிட்டால் டிஎன்எஸ் எண்ணாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பக்கத்து விண்டோஸ் கணினிக்குப் பிங் கொடுத்துப் பதில் வராவிட்டால் அது செத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். விண்டோஸின் காவல் ஏற்பாடான ஃபயர்வால் பிங்கைத் தடுப்பது வழக்கம்.

எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் செயலிழந்து, சுவிட்ச் பெட்டியின் விளக்குகள் அத்தனையும் வெறிபிடித்தது போல் ஒன்றாகத் துடித்தால், ஒரே வயரின் இரண்டு முனைகளும் அதே பெட்டியில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். மேசையை ஒழுங்குபடுத்தும்போது தொங்கும் முனையைப் பார்த்து, நல்ல எண்ணத்தில் யாராவது செருகிவிடுவார்கள். செய்தி வட்டத்திலேயே சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்த முனையைப் பிடுங்கினால் சில விநாடிகளில் சரியாகும்.

பிரிண்டர், பொதுக் கோப்புகள்

கரண்ட் போய் வந்த மறுநாள் பிரிண்டர் காணாமல் போவது சகஜம். ரவுட்டர் அதற்குப் புது எண் கொடுத்திருக்கும், கணினி பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் பிரிண்டருக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஓயும். பொதுக் கோப்புகள் திறக்காவிட்டால் நெட்வொர்க் அமைப்பு 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'பப்ளிக்' என்றிருந்தால் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். கோப்பு வைத்திருக்கும் கணினியின் கடவுச்சொல்லை யாராவது மாற்றியிருந்தாலும் இதே கதைதான்.

இடி மின்னல்

நம் ஊரில் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக முடியாது. உலகிலேயே இடி மின்னல் அதிகமான நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அதிலும் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியான வெயில் அடித்து முடிந்ததும் வானம் இருண்டுவிடும். மின்னல் ஆபீஸ் மீதே விழ வேண்டியதில்லை. எங்கோ விழுந்தாலும் அதன் அதிர்ச்சி கரண்ட் வழியாக வரும், செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாக வரும், திறந்த வெளியில் போகும் நெட்வொர்க் வயர் வழியாகவும் வரும். ஃபைபர் லைன் கண்ணாடி இழை என்பதால் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஃபைபர் மோடத்துக்கும் கரண்ட் பிளக் உண்டு, அதிலிருந்து ரவுட்டருக்குப் போகும் வயரும் செம்புதான். "ஃபைபர் போட்டுவிட்டோம், இனி பயமில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

தோட்டங்களில் அதிகம் அடிபடுவது ஆபீஸிலிருந்து லோரி நிறுக்கும் இடத்துக்கோ ஸ்டோருக்கோ போகும் வயர்தான். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு வயரை இழுக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஃபைபர் இழையைப் போட்டு, ஒளியைச் செம்பு வயருக்கு மாற்றித் தரும் பெட்டியை இரண்டு பக்கமும் வைத்தால், ஒரு பக்கம் அடித்தாலும் மறுபக்கத்துக்குத் தாண்டாது, 100 மீட்டர் தொல்லையும் இல்லை. செலவு கூடத்தான், ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சுவிட்ச் பெட்டி மாற்றுகிற செலவோடு வைத்துப் பாருங்கள்.

இடி இடிக்கும்போது வயரைத் தொடாதீர்கள், பிடுங்கவும் போகாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. மாலையில் வீட்டுக்குப் போகும் முன்பும், வெள்ளிக்கிழமை பூட்டும் முன்பும் பிடுங்கி வைக்கலாம். கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நெட்வொர்க் வயரை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் பிடுங்குங்கள். மின்னல் தடுக்கும் பிளக் வரிசைக்கு எர்த் இணைப்பு சரியாக இருந்தால்தான் வேலை. ஒவ்வொரு அடியையும் தாங்கித் தாங்கி அது தேய்ந்தும் போகும், அதனால் அதில் இருக்கும் காவல் விளக்கு அணைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இடிக்குப் பிறகு ஒரு கணினிக்கு மட்டும் லைன் இல்லை என்றால், சுவிட்ச் பெட்டியில் அந்த ஓட்டை மட்டும் கருகியிருக்கலாம். வேறு ஓட்டையில் செருகிப் பாருங்கள். வந்தால் கெட்ட ஓட்டையில் டேப் ஒட்டி மூடுங்கள். கணினியின் ஓட்டையே போயிருந்தால், யூஎஸ்பியில் செருகும் நெட்வொர்க் துண்டு ஒன்று வாங்கினால் போதும், கணினியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

வெளியே கூப்பிடும் நேரம்

ஃபைபர் மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை. முதலில் அந்த மெல்லிய வயர் எங்காவது கூர்மையாக மடங்கியோ, அலமாரிக்குப் பின்னால் நசுங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அதில் வரும். மடிப்பு இல்லை என்றால் கூப்பிட வேண்டியதுதான். உங்கள் லைன் டிஎம் கம்பெனியின் யூனிஃபை என்றால் கூப்பிட வேண்டிய எண் 100. கணக்கு எண், எந்த விளக்கு எப்படி எரிகிறது, எத்தனை மணியிலிருந்து, எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆள் வரும்வரை வேலை நிற்க வேண்டாம். கட்டணம் கட்டும் ஒரு கணினியை மட்டும் போனின் ஹாட்ஸ்பாட்டில் போடுங்கள். அதற்கு முன் விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுப்பிப்புகள் இறங்கத் தொடங்கி, போன் டேட்டா சம்பளப் பட்டியல் போய்ச் சேரும் முன்பே தீர்ந்துவிடும். லைன் வந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, ரவுட்டர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டைத் தொங்கவிட்டு, அன்றைய தேதி, என்ன ஆனது, எதை மாற்றியதும் சரியானது என்று மூன்று வரி எழுதுங்கள். அதே நோட்டின் முதல் பக்கத்தில் ரவுட்டர் எண், பிரிண்டர் எண், லைன் கணக்கு எண், எந்த ஓட்டை எந்த மேசைக்கு என்ற விவரம் இருக்கட்டும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாமல், உறையில் போட்டுப் பெரிய கிராணியின் இழுப்பறையில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.